நவம்பரில் வெனிஸ்

நவம்பரில் அம்மாவோடு வெனிஸ் போகிறேன். "அது வெள்ளக் காலமாச்சே" என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு.

அங்கே அதற்கு ‘ஆக்வா ஆல்டா’ என்று பெயர். நம் ஊர் மழைவெள்ளம் போல நாள்கணக்கில் நிற்காது. கடல் ஏற்றத்தோடு வந்து சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஏற்றத்தோடு, தென்கிழக்கிலிருந்து வீசும் சிரோக்கோ காற்றும் சேர்ந்து அட்ரியாட்டிக் கடல் தண்ணீரை ஊர்ப்பக்கம் தள்ளினால்தான் பயம். 2019 நவம்பர் 12 இரவு நீர்மட்டம் 187 செ.மீ. ஏறியது (தெருவில் நிற்கும் ஆழமல்ல, அங்கே கடல்மட்டத்தை அளக்கும் அளவுகோலின் கணக்கு), 1966-இன் 194-க்கு அடுத்தபடியாக. அந்தப் படங்களைப் பார்த்து மனம் கனத்துப்போனது இன்னும் நினைவிருக்கிறது.

2020 அக்டோபரிலிருந்து மோசே தடுப்புகள் செயல்படுகின்றன. 78 எஃகுக் கதவுகள் எழும்பி, ஊரைச் சூழ்ந்த உப்பங்கழிக்குள் கடல்நீர் நுழையும் வாய்கள் மூன்றையும் அடைத்துவிடும். ஆனால் பொதுவாக 110 செ.மீ. அளவுக்கு ஏறும் என்றால்தான் அவற்றை எழுப்புவார்கள். சான் மார்க்கோ சதுக்கம் ரொம்பத் தாழ்வு, அதற்கு முன்பே தண்ணீர் வந்துவிடும். அதனால் அம்மாவுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்கியாச்சு. அறை முதல் மாடியில். தினமும் காலையில் நகராட்சியின் நீர்மட்ட முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, ஏற்றம் வடிந்த பிறகே சதுக்கத்துக்குப் போவோம்.

தண்ணீருக்கு மேல் போடும் பலகை நடைபாதையில் வயதானவர்களைக் கூட்டிப்போனவர்கள் யாராவது இருந்தால், எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.