பின் சுவர், ஃப்ரிட்ஜ் சில்லு, அம்மாவின் மருந்து

ஜூன் 3, செவ்வாய்

பின் சுவர் மறுபடியும் ஊறுகிறது. மருந்து இருக்கிற ஃப்ரிட்ஜை அந்த ஈரத்தில் விடக்கூடாது என்று மாமாவும் பக்கத்து வீட்டுத் தம்பியும் பிடித்து இஸ்தோப்பு (முன் வராந்தா) பக்கம் இழுத்தார்கள். காம்பரா (அறை) படியில் ஏறும்போது பின் சில்லு, அதாவது சின்னச் சக்கரம், ரெண்டும் போய்விட்டது. ஒன்று பிளந்து விழுந்தது, மற்றது ஆணியோடு கழன்றே வந்துவிட்டது. அம்மா கட்டிலில் இருந்தபடியே, "மருந்து குப்பி ஒடையலியே புள்ள?" என்றாள். உடையவில்லை.

ஜூன் 4, புதன்

பின்னால் செங்கல் வைத்திருக்கிறோம். செங்கல் சில்லைவிட உயரம், அதனால் ஃப்ரிட்ஜ் முன்னுக்குச் சாய்கிறது. கதவு தானாகவே திறந்துகொள்கிறது. கயிறு கட்டியிருக்கிறேன். ராத்திரி எழும்பி எழும்பி கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

ஸ்கூல் ஆய்வுகூடத்து வெப்பமானியைக் கேட்டு வாங்கி வந்து உள்ளே வைத்தேன். 11 பாகை. திறக்காத இன்சுலின் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் நடுவில் இருக்கணும். அதற்காக ஐஸ்பெட்டிப் பக்கம் தள்ளி வைக்கவும் முடியாது. ஒரு தரம் உறைந்துவிட்டால் உருகின பிறகும் அந்த மருந்து உதவாது, வீசத்தான் வேணும். கதவு சரியாக மூடாததால் மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடியும்வரை அந்தச் சத்தம்தான்.

ஜூன் 5, வியாழன்

வெறும் வயிற்றில் சீனி 212. மழை.

ஜூன் 7, சனி

ஹஜ் பெருநாள். ஹட்டனில் சாமான் கிடைக்கக்கூடிய கடை பூட்டு. நாளைக்கு ஞாயிறு, செவ்வாய் போயா, பௌர்ணமி விடுமுறை.

கதவு மூடாத ஃப்ரிட்ஜை நம்ப முடியாமல் மருந்தை மண்சட்டிக்கு மாற்றிவிட்டேன். பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, குப்பிகளை பொலித்தீனில் இறுகக் கட்டி அதில் வைத்து, மேலே ஈரத்துணி. தண்ணீர் ஆவியாகும்போது உள்சூட்டை எடுத்துக்கொண்டு போகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிற பாடம். ஆனால் காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கும்போது எவ்வளவுதான் ஆவியாகும்? வெப்பமானியைப் போட்டேன், 17. நோர்வூட் குளிர்தான் பாதி வேலையைச் செய்கிறது. குத்திக்கொண்டிருக்கிற குப்பியை ஒரு மாதம் வெளியில் வைத்துப் பாவிக்கலாம் என்று கிளினிக் மிஸ் முன்பே சொல்லியிருக்கிறார். கவலை அதைப் பற்றி இல்லை, திறக்காததைப் பற்றி. அடுத்த கிளினிக் வரைக்கும் அதுதான் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

உடைந்த சில்லைக் கழுவி ஜன்னல் கட்டையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக், மஞ்சளாகிவிட்டது. குறுக்களவு 32 மில்லிமீட்டர். நடு ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகிக் கிடக்கிறது. ஆணியில் துரு. துருவைச் சுற்றி மயிர், நூல், சாக்குத் தும்பு எல்லாம் ஒன்றாக இறுகிப் போயிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன். நீள மயிர், பாதி கறுப்பு, பாதி நரை. அம்மாவுடையது. அம்மாவுக்குக் கடைசி ஈபிஎஃப் (சேமலாப நிதி) சல்லி வந்தபோது, வேறு எதையும் யோசிக்காமல் இந்த ஃப்ரிட்ஜைத்தான் வாங்கினாள். மலையில் கொழுந்தெடுத்த காலம் முழுக்க குளிர்ந்த தண்ணீர் குடிக்க ஆசைப்பட்டதாகச் சொன்னாள். இந்தக் குளிரிலா என்று அண்ணி கேட்டதற்கு, "வெயில்ல நின்னு பாரு தெரியும்" என்றாள்.

அளவுகோலைப் பக்கத்தில் வைத்து படம் எடுத்து தம்பிக்கு அனுப்பினேன். அவன் வேலை செய்வது கொழும்பு புறக்கோட்டையில், தேடிப் பார்க்கிறானாம்.

ஜூன் 9, திங்கள்

ஸ்கூல் விட்டு நேரே ஹட்டன். கடையில், "மிஸ், சில்லு மட்டும் வராது, ஸ்டாண்டாவே வாங்கிடுங்க" என்றார். நாலு மூலையிலும் சில்லு வைத்த இரும்புச் சட்டம். பார்க்க வசதிதான். எனக்கு வேண்டாம்.

ஏனென்றால் அம்மா கட்டிலிலிருந்து எழும்பி கக்கூசுக்குப் போகிற வழியில் முதலில் கை வைக்கிறது ஃப்ரிட்ஜில்தான். கால் புண்ணுக்குப் பிறகு அதைப் பிடிக்காமல் ஓரடிகூட வைக்க மாட்டாள். நாலும் உருண்டால் அவளோடு சேர்ந்து உருளும். பின்னால் மட்டும் சில்லும் முன்னால் திருகுகிற காலும் வைத்திருப்பது இதற்குத்தான். முன்னைத் தூக்கினால்தான் நகரும், மற்ற நேரம் ஆளைத் தாங்கும். எங்கள் தரை வேறு பீலிப் பக்கம் சரிவு. பூட்டு இருக்கிறது என்று காட்டினார், சின்ன பிளாஸ்டிக் நாக்கு. அதை நம்பி அம்மாவை விட முடியாது.

ஜூன் 10, செவ்வாய், பொசொன்

ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா வேர்த்து நனைந்து கிடந்தாள். பேச்சு குழறியது. சீனி 54. சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, கால் மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன், 79. பிறகு ரெண்டு கிரேக்கர் பிஸ்கட். மாலையில் ஊசி போட்டுவிட்டு சரியாகச் சாப்பிடவில்லை, "வயிறு வேணாங்குது" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். வெளியே பொசொன் வெளிச்சக்கூடுகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

எழும்பும்போது அவள் கை ஃப்ரிட்ஜைத் தேடியது. அது அந்த இடத்தில் இல்லை.

ஜூன் 11, புதன்

சுவர் காயவில்லை. மண்மேட்டுத் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்குகிறது. 2014 அக்டோபர் 29, மீரியபெத்தை மண்சரிவு. மழை கூடினால் அந்தத் தேதி வந்துவிடுகிறது, நிறுத்த முடியவில்லை. மாமா மண்வெட்டியோடு போய் கான் (வடிகால்) வெட்டிவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

கொழும்பு பஸ்ஸில் பார்சல் வந்தது! தம்பி நாலு சில்லு அனுப்பியிருக்கிறான், ரெண்டு கையிருப்புக்காம். நைலோன். புதிய ஆணியும் இருக்கிறது. அம்மா ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

ஜூன் 14, சனி

மாட்டியாயிற்று.

முதலில் பிளக்கைக் கழற்றி, சாமானெல்லாம் இறக்கி, கண்ணாடித் தட்டுகளைத் துணியில் சுற்றி அம்மாவின் கட்டிலில் வைத்தோம். கதவுக்கு டேப் ஒட்டினோம். பக்கத்து வீட்டுத் தம்பி படுக்கப் போடலாம் என்றான். மாமா விடவில்லை. "படுக்கப் போட்டா கம்ப்ரசர் எண்ணெய் பைப்புக்குள்ள ஏறிடும். பொறவு நாள் பூரா நிறுத்தி வச்சுத்தான் போடணும்." பின் பக்கத்தைக் கொஞ்சமாகத் தூக்கி ரெண்டு பலகைக் கட்டையைச் சொருகினார்கள், நான் முன்னால் தாங்கினேன். கம்ப்ரசரில் நெருப்புப் படம் போட்ட மஞ்சள் லேபல், ஆர்600ஏ என்று இருந்தது. தீப்பற்றும் வாயு. மாமா பீடியைக் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு வந்தார், அந்தப் பைப்புகளில் முழங்கை படாமல் படுத்துக்கொண்டே வேலை செய்தார்.

பழைய ஆணி ஒன்று துருவில் பிடித்துக்கொண்டு வரவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு, தேத்தண்ணீர் குடித்து வந்து தட்டினோம். வந்தது. புது ஆணிக்கு கிறீஸ் பூசி, சில்லைக் கோர்த்து, போல்ட்டை இறுக்கினார். கையால் சுண்டியதும் சத்தமில்லாமல் சுற்றியது.

கட்டையை எடுத்து நிமிர்த்தி, மேலே ரசமட்டத்தை வைத்து முன்கால்களைத் திருகினோம். பக்கவாட்டில் மட்டமாகவும், முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்தும் நிற்கணும். அப்போதுதான் கதவு தன் பாரத்தாலேயே மூடும். பாதி திறந்து விட்டுப் பார்த்தேன். மூடியது. இன்னொரு தரமும் பார்த்தேன்.

பழைய சுவரில் வைக்கவில்லை. அம்மாவின் கட்டிலுக்கும் கக்கூஸ் வாசலுக்கும் இடையில், உள் சுவர் பக்கம். பின்னால் நாலு விரல் இடைவெளி, காற்றுப் போக.

ஜூன் 15, ஞாயிறு

5 பாகை. மத்தியானமும் 5. குப்பிகளைச் சட்டியிலிருந்து எடுத்து நடுத்தட்டில் வைத்தேன், கதவில் இல்லை, கதவு திறக்கத் திறக்கச் சூடேறும்.

அம்மா எழும்பினாள், கை வைத்தாள், அசையவில்லை. "நல்லாத்தான் நிக்கிது" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

நாளைக்கு கிளினிக். முதல் பஸ். கிளினிக் கொப்பி, சீனி எழுதின கடுதாசி, 54 வந்த ராத்திரியைத் தனியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், டொக்டரிடம் மாலை அளவைக் குறைக்கலாமா என்று கேட்கணும். கால் கட்டுக்கு வெள்ளைத் துணி போதாது. அண்ணியிடம் கேட்டு வாங்கணும்.