ஈயம் வைத்த முனை

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையை ஒட்டிய விடுதி ஒன்றில் மின்சார வேலை என் பொறுப்பில் இருந்த காலம். அறை துப்புரவு செய்யும் அக்கா ஒருநாள் காலையில் வந்தார். "தம்பி, ஏழாம் நம்பர் பாத்ரூமில ஒரே மீன் மணம்." கடலோரத்தில் மீன் மணத்தை யார் கணக்கெடுப்பது? இரண்டு நாள் சமையலறைக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் வாட்டர் ஹீட்டருக்குப் போகும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே, வயர்களை ஸ்குரூ இறுக்கி இணைக்கும் வெள்ளைக் கனெக்டர் தேயிலைச் சாய நிறத்தில் உருகிச் சாய்ந்திருந்தது. லைன் வயரின் உறையைத் தொட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. சில பிளாஸ்டிக் வகைகள் சூடேறிக் கருகும்போது மீன் மணம்தான் வரும் என்பது அன்றுதான் உறைத்தது.

கரண்ட் கூடினால் விழும் பிரேக்கரும் விழவில்லை, ஏர்த்துக்குக் கசிந்தால் விழும் டிரிப் சுவிட்சும் விழவில்லை. விழவும் மாட்டாது. ஹீட்டர் 3.5 கிலோவாட், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 15 அம்பியர். இணைப்பு தளர்ந்ததால் கரண்ட் கூடவும் இல்லை, ஏர்த்துக்குக் கசியவும் இல்லை. ஆனால் தளர்ந்த இடத்தில் வெறும் 0.2 ஓம் தடை இருந்தாலே, 15 அம்பியரில் 45 வாட் சூடு. ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் ஒன்றை மூடிய பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்த மாதிரி.

சோல்டரிங் அயன் என்று சொல்லும்போதே எனக்குக் கூச்சம். கனெக்டருக்குள் போன அந்த வயர் முனைக்கு ஈயத்தை உருக்கி வைத்தவன் நான்தான். ரேடியோ திருத்தும் கடையில் தொழில் பழகியவன்; நூல் நூலாகப் பிரியும் வயரைக் கண்டால் ஈயம் வைக்காமல் கை நிற்காது. பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் ஈயம் மென்மையான உலோகம். ஸ்குரூவின் அழுத்தத்துக்கு நாளாக நாளாக விலகிக் கொடுக்கும். சூடாகி ஆறுகிற ஒவ்வொரு முறையும் பிடி இன்னும் தளரும். அந்த முனைக்கு ஃபெரூல் என்கிற சின்னச் செம்புக் குழலை மாட்டி நசுக்கியிருக்க வேண்டும்.

நான் ஈயம் வைத்த ஹீட்டர்கள் இன்னும் ஐந்து இருந்தன. அன்றே மெயினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் திறந்தேன். இரண்டில் ஸ்குரூ விரலுக்கே திரும்பியது.

இப்போது ஹீட்டருக்குப் பீங்கான் கனெக்டர்தான், சூட்டில் உருகாது. கடையில் "கனெக்டர் தாங்க" என்று பொதுவாகக் கேட்பதில்லை. வயர் 7/0.67 (0.67 மில்லிமீட்டர் தடிப்பில் ஏழு இழை), அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் என்று சொல்லி, அதற்கும் அம்பியருக்கும் பொருந்துவதைக் கேட்பேன். ஒன்றின் ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் குழலில் காந்தம் வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் அது பித்தளை பூசிய இரும்பு. உப்புக் காற்றில் அதன் ஆயுள் எனக்குத் தெரியும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

லைட் வயரிங்குக்கு ஸ்குரூவுக்குப் பதிலாக நெம்பு வைத்த, வாகோ கம்பனியின் கனெக்டர் வகையும் பிடித்திருக்கிறது. 11 மில்லிமீட்டர் உறையை உரித்துச் செருகி நெம்பை மூடினால் சரி. முறுக்குவதில் கைக்குக் கை வித்தியாசம் வராது. விலைதான் கொஞ்சம் கடிக்கும். எதுவானாலும் மாட்டியபின் ஒவ்வொரு வயரையும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் மூடி போடுவதில்லை.

மாரி மழை ஓய்ந்து, சீசன் தொடங்குமுன் எல்லாப் பெட்டிகளையும் திறப்பேன். அக்காவுக்கு அதெல்லாம் போதாது. ஏழாம் நம்பர் கதவைத் திறந்ததும் இன்றைக்கும் முதலில் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் விளக்குமாற்றை எடுக்கிறார்.