கடலோரக் கல்லூரி ஊருக்குக் குடிபோவதா? எங்கள் வீட்டில் முடிவெடுத்த விதம்

என் கணவர் கடல் உயிரின ஆய்வாளர். இங்கே சிங்கப்பூரில், செயின்ட் ஜான்ஸ் தீவில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குப் படகேறிப் போய்வந்து வேலை பார்த்தவர். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் கடல் பாலூட்டி ஆய்வுப் பிரிவில் மூன்றாண்டு ஒப்பந்த வேலை தருவதாக அவருக்குக் கடிதம் வந்தது. அவர் துறையில் அது எவ்வளவு பெரிய இடம் என்று எனக்குத் தெரியும். அதனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை. மகன் அப்போது தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தான். மகள் ஒன்றாம் வகுப்பு. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். நான் உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியர். ஐந்து பேரில் அந்த ஊரில் வேலை காத்திருந்தது ஒருவருக்கு மட்டும்தான்.

ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எடின்பரோவுக்கு வடக்கே, வடகடலை ஒட்டி இருக்கிறது. பல்கலைக்கழகம் 1413இல் தொடங்கியது. மாணவர்கள் மட்டும் சுமார் 10,000 பேர், ஊரின் மொத்த மக்கள்தொகையோ 20,000க்குள்தான். மூன்று முக்கியத் தெருக்கள், மூன்றும் இடிந்த தேவாலயத்தை நோக்கிப் போகின்றன. உலகப் புகழ்பெற்ற பழைய கோல்ஃப் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் அதன் நடுவே நடந்து போவார்கள். படங்களில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கோடையில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கக்கூடாது என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம்.

அதனால் ஆளுக்கொரு தாள் எடுத்தோம். குளிர்காலத்தில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை அவரவருக்கு எப்படிப் போகும் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். கணவரின் தாள் நிமிடத்தில் நிரம்பிவிட்டது. மகனுடையதில் பள்ளிக்கூடம், அதன்பிறகு காற்பந்து, அடுத்து ஒரு கேள்விக்குறி. என்னுடையதில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது வரை எழுதினேன், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மாமியாரின் தாளை அவர் எழுதவே இல்லை. “நான் வர்றேன்னு யாரு சொன்னா?” என்று கேட்டார்.

அவர் சொன்னது ஒரு விதத்தில் விதிமுறைக்கும் பொருந்திவிட்டது. பிரிட்டனின் திறனாளர் வேலை விசாவில் கணவன் அல்லது மனைவியையும் பிள்ளைகளையும்தான் சேர்க்கலாம், பெற்றோரைச் சேர்க்க முடியாது. அவர் வருகையாளராக வந்து ஆறு மாதம் வரை தங்கலாம். “நீங்க போங்கம்மா, நான் ஈசூன்ல மக வீட்டுல இருந்துக்கிறேன். கோடைக்கு வந்து பாத்துட்டு வர்றேன்” என்றார். நாத்தனாரும் அண்ணியை நம்புகிறவர், மனதாரச் சரி என்றார். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துக்காக மட்டுமே போக வேண்டாம் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன். வேலை விசாவை நம்பி அப்பா அம்மாவையும் அழைத்துப் போகலாம் என்று எண்ணியிருப்பவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். வேண்டுமென்றே குளிரில் போனோம். அந்த மாதத்தில் அங்கே சூரியன் உதிக்க எட்டே முக்கால் ஆகிறது, மூன்றரை மணிவாக்கில் மறைந்துவிடுகிறது. ஆண்டெல்லாம் ஏழுக்கு விடிந்து ஏழுக்கு இருட்டும் சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, பள்ளி விடும் நேரத்தில் தெருவிளக்கு எரிவது பெரிய வியப்பு. மகள் கொண்டுபோன குடை முதல் நாளே காற்றில் திரும்பிக் கம்பி ஒடிந்தது. குளிரைவிடக் கடற்காற்றுதான் படுத்துகிறது. கழுத்துவரை மூடும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட் இருந்தால் போதும், குடை வேண்டாம் என்று கடைக்காரப் பெண்மணி மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

மகனுக்கு அவ்வப்போது இழுப்பு வரும். எனவே மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்பதைத்தான் முதலில் பார்த்தேன். ஊருக்குள் சிறு காயங்களுக்குப் பார்க்கும் சமூக மருத்துவமனை உண்டு. பெரிய மருத்துவமனை டே ஆற்றின் மறுகரையில், டன்டீயில் உள்ள நைன்வெல்ஸ். நானும் மகனும் 99ஆம் எண் பேருந்தில் ஏறி டன்டீ போய், அங்கே இன்னொரு பேருந்து மாறி, மருத்துவமனை வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினோம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வரும், தெரியும். ஆனால் அவசரம் என்று சொல்லமுடியாத அரைகுறை நிலை ஒன்று இருக்கிறதே, ராத்திரி பத்து மணிக்கு மூச்சு கொஞ்சம் இறுகும்போது, அதற்குத்தான் தாய்மார்கள் பயப்படுவோம். அப்போது 111ஐ அழைத்தால் செவிலியரிடம் பேசலாம். ஸ்காட்லாந்தில் 2011 முதல் மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்குக் காசு கிடையாது, இன்ஹேலருக்கும் அப்படியே. இதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இனிப் பள்ளிக்கூடம். ஊரின் அரசு உயர்நிலைப்பள்ளிக்குப் பெயர் மெட்ராஸ் காலேஜ். நான் நம்பவே இல்லை. பிறகு படித்துப் பார்த்தால் அதன் கதை நம் ஊர்த் திண்ணையில் தொடங்குகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றார். பக்கத்தில் ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதையே தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் அங்கே நடத்திக் காட்டினார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். ஊர் திரும்பி 1797இல் அதைப் பற்றி எழுதினார். அந்த முறை பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் எழுந்ததுதான் இந்தப் பள்ளி. 2021இல் ஊரின் மேற்கே புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. சவுத் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பழைய கட்டடத்தின் முன் நான் கொஞ்ச நேரம் நின்றேன். மணலில் ‘அ’ எழுதிய எந்தப் பிள்ளையின் பெயரும் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் இல்லாமல் இந்தப் பள்ளி இல்லை. தமிழ் கற்பிக்கும் எனக்கு அது நெஞ்சை நிறைத்தது.

ஆனால் பள்ளியில் தமிழ் கிடையாது. இதைத்தான் வீட்டில் அதிகம் பேசினோம். மகன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைத் தமிழோடு எழுதி முடிக்கட்டும், அதன்பிறகே குடும்பம் கிளம்பும் என்பது நாங்கள் எடுத்த முதல் உறுதியான முடிவு. திரும்பி வரும்போது என்ன ஆகும்? நாடு திரும்பும் சிங்கப்பூர் மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு ஒரு சேர்க்கைத் தேர்வு நடத்துகிறது. ஆங்கிலமும் கணக்கும்தான் பாடங்கள். உயர்நிலை ஒன்று முதல் மூன்று வரைதான் அதில் சேரலாம். ஒப்பந்தம் மூன்று ஆண்டு. அது முடியும்போது மகனின் வயதுப் பிள்ளைகள் உயர்நிலை நான்கில் காலடி வைப்பார்கள். அந்த வாசல் அப்போது அவனுக்கு இல்லை. தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. பல வருடம் வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கவும் வழி உண்டு. அந்த விலக்கை நான் கேட்கப்போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஆண்பிள்ளைகள் கட்டாயமாக ஆற்றவேண்டிய தேசிய சேவையும் இருக்கிறது. 13 வயதான பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்கும் ஆண்பிள்ளைகளுக்கு எக்ஸிட் பெர்மிட், அதாவது வெளிநாட்டில் இருப்பதற்கான அரசு அனுமதி, வேண்டும். மகனுக்கு அங்கே இருக்கும்போதே 13 ஆகிவிடும். கணவரின் வேலைக் கடிதத்தை இணைத்து விண்ணப்பம் போடுகிறோம். அவன் இங்கே வந்து சேவையாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

பணக் கணக்கில் பெரிதாக அடித்தது சுகாதாரக் கட்டணம். விசா விண்ணப்பத்தோடு மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், 18 வயதுக்குட்பட்டவருக்கு 776 பவுண்ட். நால்வருக்கும் மூன்று ஆண்டுக்கு 10,866 பவுண்ட். விசாக் கட்டணமும் விமான டிக்கெட்டும் தனி. எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஐந்தாண்டுக் கட்டாயக் குடியிருப்புக் காலம் முடிந்துவிட்டது, நாங்கள் குடிமக்கள், அதனால் முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். நிரந்தரவாசிகளுக்கு அந்த வசதி இல்லை. அப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் கணக்கே வேறு மாதிரி வரும்.

வீடு தேடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். ஊருக்குள் வாடகை வீடுகள் பெரும்பாலும் மாணவர்களைக் குறிவைத்தே இருக்கின்றன. உறவில்லாத மூன்று பேரோ அதற்கு மேலோ பங்கிட்டுத் தங்கும் வீட்டுக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமம் வாங்கிய வீட்டுக்காரர்கள் அறைக் கணக்கில் வாடகை பார்க்கிறார்கள். இரண்டு சம்பளம் இல்லாத குடும்பம் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. ஒரு முகவர் வீடு காட்டுவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றதும் மறுமொழியே போடவில்லை. ஆனால் 2017 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் புதிய தனியார் வாடகை ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. குடியிருப்பவர் காலி செய்ய 28 நாள் முன்னறிவிப்பு தந்தால் போதும், முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு.

கடைசியில் ஊருக்கு வெளியே, லூக்கர்ஸில் பார்க்க ஆரம்பித்தோம். செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் 1969இல் மூடப்பட்டுவிட்டது. பக்கத்து நிலையம் லூக்கர்ஸ்தான். அங்கிருந்து எடின்பரோ ஒரு மணி நேரம், டன்டீ கால் மணி நேரம். 99ஆம் எண் பேருந்து இரண்டு பக்கமும் போகிறது. 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2022 முதல் பேருந்தே இலவசம். தொடக்கப்பள்ளி அந்தச் சிற்றூரிலேயே இருக்கிறது, மகள் நடந்து போகலாம். மகன் மெட்ராஸ் காலேஜுக்குப் பேருந்தில் போவான். கடல் ஜன்னலில் தெரியாது. பரவாயில்லை. டன்டீயிலுள்ள ஆசியக் கடையில் கறிவேப்பிலை வாங்கிவிட்டுச் சாமானோடு ரயிலில் ஏறி வீடு வந்து சேரலாம் என்பது எனக்குக் கடலைவிட முக்கியம். எடின்பரோவில் லீத் பகுதியில் இந்துக் கோவிலும் இருக்கிறது.

என்னுடைய தாள்தான் நீண்ட நாள் காலியாகக் கிடந்தது. துணைவர் விசாவில் வேலை பார்க்கலாம். ஆனால் அரசுப் பள்ளியில் ஆசிரியராக அங்குள்ள ஆசிரியர் மன்றத்தில் பதிய வேண்டும், அங்கே என் பாடமும் இல்லை. வகுப்பறை உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்தச் சிற்றூரில் சந்தித்த ஒரு தாய் சொன்னார். அதைச் செய்வேன். ஆனால் 15 ஆண்டு கற்பித்த பாடத்தை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது, இதைக் கணவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். அவர் அதைக் கேட்டு வருத்தப்பட்டார், வாதாடவில்லை. பள்ளியில் சம்பளமில்லா விடுப்புக் கேட்டேன். இரண்டு ஆண்டுக்குக் கிடைத்தது.

அந்த இரண்டு ஆண்டுதான் முடிவையே தீர்மானித்தது. நானும் பிள்ளைகளும் இரண்டு ஆண்டு போவோம். இரண்டாம் ஆண்டிலேயே மகன் சேர்க்கைத் தேர்வை எழுதுவான், உயர்நிலை மூன்றில் தன் வயதுப் பிள்ளைகளோடு சேருவான். மூன்றாம் ஆண்டு கணவர் தனியாக இருந்து ஒப்பந்தத்தை முடித்துவிட்டு வருவார். குடும்பம் பிரிந்திருக்கும் அந்த ஓராண்டு எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மற்ற எல்லா வழிகளிலும் யாரோ ஒருவருடைய தாள் காலியாகவே இருந்தது.

அவர் ஆகஸ்டில் கிளம்பிப் போய் லூக்கர்ஸில் வீடு பிடித்துவிட்டார். மகன் தேர்வு எழுதிவிட்டான், ஜனவரியில் நாங்கள் போகிறோம். பள்ளி ஆண்டு அங்கே ஆகஸ்டில் தொடங்குவதால் அவன் முதலாம் ஆண்டின் நடுவில்தான் சேருவான். ஈசூனிலும் செங்காங்கிலும் இருக்கும் நண்பர்களின் பிள்ளைகள் சிலரையும் சேர்த்து இணையத்தில் வாராந்தரத் தமிழ் வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்திருக்கிறேன். பெரியவர்கள் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அதில் விதி. சனிக்கிழமை லூக்கர்ஸில் காலை ஒன்பது மணிக்கு, சிங்கப்பூரில் அப்போது மாலை ஐந்து. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பதால் இங்கே நான்கு மணிக்கே தொடங்கிவிடும்.