எர்லாங்கன் குன்றுக்கு லிஃப்ட் கேட்டுப் போனோம்

பெர்லினிலிருந்து தெற்குப் பக்கம் லிஃப்ட் கேட்டுப் போகிறவர்களுக்குப் பழக்கமான இடம் நிகோலாஸே ரயில் நிலையம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஏ115 நெடுஞ்சாலையை ஒட்டிய குரூனவால்ட் பெட்ரோல் பங்க் வந்துவிடும். ஆட்டோபான் என்கிற அந்த நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் நின்று கட்டைவிரலைக் காட்ட ஜெர்மன் சட்டம் விடாது. பங்கிலோ, நெடுஞ்சாலைக்குள் ஏறும் வழிக்கு முன்னாலோதான் கேட்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நானும் என் தோழியும் அங்கே நின்றோம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெற்கு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், குன்றின் மேல் நடக்கும் பீர் திருவிழாவின் முதல் பீப்பாயைத் திறப்பார்கள். அதற்குள் சுமார் 430 கிலோமீட்டர் போயாக வேண்டும்.

பெண்கள் இரண்டு பேர் இப்படிப் போகலாமா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். பங்கில் கேட்பதில் பெரிய வசதி, யாரிடம் கேட்பது என்பதை நாமே முடிவு செய்கிறோம். முதலில் நம்பர் பிளேட்டைப் பார்ப்போம். 'எல்' என்றால் லைப்சிக் வண்டி, 'பி டி' பைராய்ட், 'என்' நியூரம்பெர்க், 'இ ஆர்' எர்லாங்கன். அப்புறம் ஆளைப் பார்ப்போம். மனதுக்குச் சரியாகப் பட்டால் மட்டும் போய்க் கேட்போம். ஏறியதும் வண்டி எண்ணை எர்லாங்கனில் இருக்கும் கல்லூரித் தோழனுக்கு அனுப்பிவிடுவோம். இதை ஓட்டுநருக்குத் தெரியும்படியே செய்வோம். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

முதலில் ஏற்றிக்கொண்டவர் அறுபதைத் தாண்டிய லைப்சிக்காரம்மா. கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் அவரும் பால்டிக் கடற்கரைக்கும் பிராகாவுக்கும் இப்படியே போனவராம். "அப்போ கார் வாங்கப் பதிவு பண்ணிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல காத்திருக்கணும். வச்சிருந்தவங்க நிறுத்தி ஏத்திக்குவாங்க. எனக்கு நிறுத்தினவங்களுக்கு நான் திருப்பி எதுவும் செய்யலையே, அதான் உங்களுக்கு நிறுத்தறேன்" என்றார். இறங்கும்போது ஒரு டப்பா நிறைய ஸ்ட்ராபெர்ரி கொடுத்தார்.

கெக்கெர்ன் பங்கிலிருந்து ஒரு டைல்ஸ் பதிக்கிறவரின் வேனில் ஏறினோம். அதிகம் பேசாத மனிதர். ஸாலே ஆற்றுப் பாலம் வந்தபோது மட்டும் வேகத்தைக் குறைத்து, இங்கேதான் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் எல்லை இருந்தது என்று கைகாட்டினார். 1945இல் போர் முடியும் தறுவாயில் தகர்த்த பாலம் அது. 1966இல்தான் மறுபடி வண்டி போனது. பாலத்தைத் தாண்டியதும் பவேரியா மாநிலம். சாலைக்குக் குறுக்கே, மேலேயே கட்டிய உணவகம் உள்ள ஃபிராங்கன்வால்ட் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்.

அங்கே வெகுநேரம் காத்திருந்தோம். ஒன்றரை மணிக்கு 'இ ஆர்' பிளேட்டோடு ஒரு நீல நிற வண்டி வந்தது. ஐம்பது வயதுக்காரர். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஊர்ப் பெயர் எழுதிய எங்கள் அட்டையைப் படித்துவிட்டு, "பெர்குக்கா?" என்றார். எர்லாங்கன்காரர்கள் இந்தத் திருவிழாவை 'பெர்க்' என்றுதான் சொல்கிறார்கள், குன்று என்று பொருள். பின்சீட்டில் துண்டு சுற்றிய ஒரு கல் குவளை இருந்தது. வேலை பெர்லினில், ஆனால் பெர்க் தொடங்கும் வியாழக்கிழமை ஊருக்கு வராமல் இருந்ததே இல்லையாம். மாசாணியம்மன் குண்டம் திருவிழாவுக்கு ஆனைமலைக்கு வந்து சேரும் எங்கள் சித்தப்பாக்களைப் போல ஒரு மனிதர்.

வழி நெடுக அவர் சொன்னதெல்லாம் குன்றின் கதைதான். 1755இல் தொடங்கிய விழா, பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகையை ஒட்டிப் பன்னிரண்டு நாள் நடக்கிறது. மியூனிக்கின் புகழ்பெற்ற அக்டோபர் பீர் விழா தொடங்கியது 1810இல்தான் என்பதைச் சொல்லும்போது குரலில் பெருமை தெரிந்தது. குளிர்பதன இயந்திரம் இல்லாத நாட்களில் பீர் கெடாமல் இருக்க எர்லாங்கன்காரர்கள் மணற்கல் குன்றைக் குடைந்து நிலவறைகள் வெட்டினார்கள். மேலே நிழலுக்கு மரங்கள். அந்த மரத்தடியிலேயே மக்கள் உட்கார்ந்து குடிக்க, விழாவுக்கு இடம் தானாக அமைந்தது. பிறகு கார்ல் ஃபான் லிண்டே என்ற பொறியாளர் தன் குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கினார். 1870களில் மியூனிக் ஆலைகள் அதைப் பொருத்தத் தொடங்கியதும், குன்றின் குளிர்ச்சியை நம்பியிருந்த ஊருக்குத் தனி அனுகூலம் போய்விட்டது. அந்த லிண்டே பிறந்தது நாங்கள் அப்போது தாண்டிக்கொண்டிருந்த பைராய்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில். பைராய்ட், எர்லாங்கன் எல்லாம் ஃபிராங்கோனியா வட்டாரம். "எங்க ஃபிராங்கோனியா பையன்தான் எங்க வியாபாரத்தை முடிச்சு வச்சான்" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.

நாலரை மணிக்குக் குன்றடியில் இருந்தோம். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு அவரும் எங்களோடு நடந்தே ஏறினார்.

மியூனிக்கில் இருப்பது போன்ற ராட்சதக் கூடாரம் இங்கே இல்லை. திறந்த வானம், தழைத்த மரங்கள், சரிவு முழுக்கப் படிப்படியாக நீள பெஞ்சுகள். ஒவ்வொரு நிலவறை வாசலிலும் ஒரு பீர்க்கடை, ஒரு மேடை, ஒரு பாட்டுக்குழு. மேயர் சுத்தியலால் பீப்பாயில் குழாயை அடித்து இறக்கியதும் குன்றே கத்தியது. ஒரு லிட்டர் கல் குவளை, பத்து யூரோவுக்கு மேல், குவளைக்குத் தனியாக முன்பணம். சாம்பல் நிறக் கல், வெளியே வியர்த்திருந்தது. கண்ணாடி இல்லாததால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது, கையில் இருக்கும் கனத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பீர் பொன்னிறம், மால்ட்டின் இனிப்பு முன்னால், கசப்பு பின்னால். குச்சியில் குத்திக் கரியில் சுட்ட கானாங்கெளுத்தி மீனோடு குடித்தேன். உப்பும் புகையும் ஏறிய அந்தத் தோலுக்காகவே இன்னொரு மீன் வாங்கினேன்.

பெஞ்சில் இடம் இருக்கிறதா என்று யாரும் தயங்கிக் கேட்பதில்லை. இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு இந்தப் பக்கம் பல்கலைக்கழக மாணவர்கள், அந்தப் பக்கம் ஒரு தாத்தாவும் பேத்தியும், எதிரே எங்கள் நீல வண்டிக்காரரின் அண்ணன் குடும்பம். குவளையை முட்டும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் மறுபடி முட்டச் சொல்கிறார்கள். காலையிலிருந்து முன்பின் தெரியாதவர்களின் வண்டியில் பேசிக்கொண்டே வந்ததால், முன்பின் தெரியாதவர்களின் பெஞ்சில் உட்காருவது எங்களுக்குக் கூச்சமாகவே இல்லை. ரயிலில் வந்திருந்தால் நானும் தோழியும் ஓரமாக எங்களுக்குள்ளேயே பேசிவிட்டுத் திரும்பியிருப்போம். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இருட்டியதும் ராட்டினத்தின் விளக்குகள் எரிந்தன, எல்லோரும் பெஞ்சு மேல் ஏறிப் பாடினார்கள். பதினொரு மணிக்குக் கடைகள் மூடியதும் தோழன் வீட்டுக்கு நடந்தோம்.

கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குடித்த மறுநாள் காலை லிஃப்ட் கேட்க நிற்காதீர்கள், ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்துவிட்டு நில்லுங்கள். பீர் வாடையோடு யார் வண்டியிலும் ஏறுவது மரியாதை இல்லை. பக்கத்து ஊர் ஃபோர்ஹைமிலும் மரங்கள் அடர்ந்த சரிவில் இதே மாதிரி நிலவறைகள் உண்டு, ஜூலைக் கடைசியில் அன்னா விழா என்ற பீர் விழா. நீல வண்டிக்காரர் இப்போதே அழைத்துவிட்டார். அட்டையில் ஃபோர்ஹைம் வண்டிகளின் 'எஃப் ஓ' எழுத்தை எழுதி வைத்தாயிற்று.