அப்பா தலைமாட்டு பெல்

ஜூன் 4
ராத்திரி ரெண்டு தடவ அடிச்சார். ரெண்டாவது தடவ அந்த சத்தத்துல அவருக்கே தூக்கிவாரிப் போட்டுருச்சு, ரொம்ப நேரம் கை நடுங்கிட்டே இருந்துச்சு. சத்தத்த குறைச்சே ஆகணும்.

ஜூன் 5
பெல்லுக்கு உள்ள இருக்குறது ஒரு 555 டைமர் ஐசி தான், சத்தத்த உண்டாக்குறது அது. 1கே, 68கே ரெசிஸ்டர், 0.01 மைக்ரோ கெப்பாசிட்டர், கிட்டத்தட்ட 1000 ஹெர்ட்ஸ், மூணாவது கால்ல இருந்து 10 மைக்ரோ கெப்பாசிட்டர் வழியா நேரா 8 ஓம் ஸ்பீக்கர். ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்த அன்னைக்கு சாயங்காலமே கட்டினது, அன்னைக்கு காதுல விழுந்தா போதும்னு இருந்துச்சு. இன்னைக்கு வீட்ல கிடந்த 10கே வால்யூம் கன்ட்ரோல ஸ்பீக்கரோட சீரீஸ்ல போட்டேன், துளி திருப்பினதுமே சத்தம் காணாம போச்சு, மிச்ச சுத்து பூரா வெறும் சுத்து. 8 ஓமுக்கு முன்னாடி 10,000 ஓம் வந்து நின்னா வேற என்ன ஆகும்.

ஜூன் 6
அரை டம்ளர் கஞ்சி.

ஜூன் 8
ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். எல்எம்386 ரெண்டு, சின்ன ஆம்ப்ளிஃபயர் ஐசி. கன்ட்ரோல் பி10கே எடுத்து குடுத்தாங்க, ஏ தான் வேணும்னு மாத்தி வாங்கினேன். பி லீனியர், ஆரம்பத்துலயே மொத்த சத்தமும் ஏறிரும், அப்புறம் எவ்ளோ திருப்பினாலும் காதுக்கு பெரிய வித்தியாசம் தெரியாது. எனக்கு அடியில தான் மெல்ல மெல்ல ஏறணும். போக வர பஸ்ல ஃபோன் கையிலயே.

ஜூன் 9
386 உள்ள 0.4 வோல்ட்டுக்கு மேல வாங்காது, 555 தள்ளுறதோ ஏழு வோல்ட்டுக்கு மேல. அதனால குறைச்சு குடுக்க 0.1 மைக்ரோ, 100கே, அப்புறம் கன்ட்ரோல். கன்ட்ரோலோட நடுக்கால் 386ஓட மூணாவது காலுக்கு, கீழ்க்கால் கிரவுண்டுக்கு, 386ஓட அஞ்சாவது கால்ல இருந்து 220 மைக்ரோ வழியா ஸ்பீக்கர். ஒண்ணாவது காலுக்கும் எட்டாவதுக்கும் நடுவுல ஒண்ணும் போடல, அப்படி விட்டா 386 பெருக்குற 20 மடங்கே தாராளம். அவ்ளோ மெதுவா கேட்டுச்சு, அப்பா கண்ண மூடிட்டே இருந்தார்.

ஜூன் 10
பெட்டிய துடைக்கும்போது குமிழ் திரும்பிருக்கு, முழுசா கீழ. காலைல அஞ்சு மணிக்கு நானா எழுந்து போறேன், அவர் பட்டன அமுக்கிட்டே இருக்கார். விடாம. எவ்ளோ நேரமா அமுக்கினார்னு யாருக்கும் தெரியாது, அவரால சொல்லவும் முடியாது. பாயெல்லாம் ஈரம். என் முகத்த பாக்கல. சைபர் வரைக்கும் இறங்குற கன்ட்ரோல இந்த வீட்ல எப்படி வெச்சேன்.

கீழ்க்கால கழட்டி, அதுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 470 ஓம் சால்டர் பண்ணிட்டேன். இப்ப முழுசா குறைச்சாலும் கொஞ்சம் சத்தம் நிக்கும். கதவ சாத்திப் பாத்தேன், ஃபேன் ஓடவிட்டுப் பாத்தேன், அம்மாவ அமுக்கச் சொல்லி மாடிப்படில நின்னு பாத்தேன். கேக்குது.

ஜூன் 11
ராத்திரி அடிக்கவே இல்ல. நாலு தடவ எழுந்து போய் பாத்தேன்.

ஜூன் 12
அடிக்கல.

ஜூன் 13
பேட்டரி 8.6 வோல்ட் இருக்கு, இருந்தாலும் புதுசு போட்டுட்டேன். 470 போதுமா, 1கே போட்ருக்கலாமா. மழ பெஞ்சா என்ன கேக்கும்?

ஜூன் 14
மத்தியானம் அடிச்சார். ஓடினேன். தண்ணி வேணாம், திரும்பிப் படுக்கவும் வேணாம். விரல பெட்டி பக்கம் நீட்டினார். நான் குமிழ திருப்பத் திருப்ப அமுக்கிப் பாத்துட்டே இருந்தார், பாதி தாண்டினதும் தான் கைய எடுத்தார்.