நடக்க வைத்துப் பார்த்தால்தான் தெரியும்

கட்டிலில் சாய்ந்திருக்கும் இதய நோயாளியிடம் ஒரு மருந்து காட்டும் குணம் வேறு, அவர் எழுந்து நடக்கும்போது காட்டும் குணம் வேறு. டிரெட்மில் பரிசோதனை அறையில் வேலை பார்ப்பதால் இந்த வித்தியாசம் அடிக்கடி கண்ணில் படுகிறது.

ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்துகளில் நம் மக்களுக்கு நன்றாகத் தெரிந்தது சார்பிட்ரேட். நாக்குக்கு அடியில் வைத்த சில நிமிடங்களில் சிரைகள் விரிந்து, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. சுமை குறைந்த இதயத்துக்கு ஆக்சிஜனும் குறைவாகவே போதும். அதனால் வழக்கமாக வலி வரும் தூரத்தைத் தாண்டியும் சிலரால் நடக்க முடிகிறது. ஈசிஜியில் மாற்றமும் தாமதமாகத்தான் வரும். ஆனால் நின்றபடி வைத்துக்கொண்டால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். உட்கார்ந்துதான் வைக்க வேண்டும்.

இதயச் செயலிழப்பில், அதாவது உடலுக்குத் தேவையான ரத்தத்தை அனுப்ப இதயம் திணறும் நோயில், கதை இவ்வளவு எளிதல்ல. ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து கொடுத்ததும் ஓய்வில் இதயத்துக்குள் அழுத்தங்கள் இறங்கும், இதயம் வெளித்தள்ளும் ரத்தம் கூடும். நடக்கும் திறன் மட்டும் உடனே கூடாது. நாள்பட்ட நோயில் கால் தசைகள் மெலிந்திருக்கும், அங்குள்ள நுண்குழாய்களும் விரியப் பழக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். வீட்டார் பொறுமை இழப்பது இங்கேதான்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் ரத்தக்குழாயைத் தளர்த்தும் இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டு, அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எனாலாப்ரில் என்ற மருந்தை எடுத்தவர்களில்தான் ஒப்பீட்டளவில் அதிகம் பேர் உயிர் பிழைத்தார்கள். உழைக்கும்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனோ, ஹைட்ராலசின் என்ற மருந்தும் ஐசோசார்பைடும் (சார்பிட்ரேட்டில் இருப்பதும் இதுதான்) சேர்த்து எடுத்தவர்களுக்குத்தான் கூடியது. ஆயுளும் நடையும் ஒரே தராசில் நிற்பதில்லை.

2015-இல் வந்த இன்னோர் ஆய்வில், சுருங்கும் திறன் குறையாத இதயச் செயலிழப்புள்ளவர்களின் அன்றாட அசைவைக் கருவி கட்டி அளந்தார்கள். சார்பிட்ரேட்டின் இனத்தைச் சேர்ந்த ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் எடுத்த காலத்தில் அவர்களுடைய நடமாட்டம் கூடவில்லை, குறைந்தது.

அதனால் யாராவது "சும்மா இருக்கும்போது நல்லாத்தான் இருக்கேன்" என்றால் நான் அதோடு விடுவதில்லை. மாடிப்படி ஏறினீங்களா, குளிக்கும்போது மூச்சு வாங்குதா, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து நடந்தீங்க என்று கேட்டு, பதிலை டாக்டர் பார்க்கும் தாளிலேயே எழுதிவிடுகிறேன்.