“சாய்தளம் அமைக்கப்பட்டுள்ளது” என்று பதில் வந்தால்

அரசு அலுவலகத்துக்குச் சாய்தளம் கேட்டு மனு கொடுத்தால், “அமைக்கப்பட்டுள்ளது” என்று ஒரு வரிப் பதில் வரும், கோப்பும் அதோடு மூடப்படும். அதனால் எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலிருந்து அளவு எடுக்காமல் எந்த மனுவும் போவதில்லை.

முதலில் தரையிலிருந்து வாசல் மட்டம் வரை உயரம் எடுக்க வேண்டும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் தேவை. 15 செ.மீ. படிகள் மூன்று என்றால் உயரம் 45 செ.மீ., சாய்தளம் 5.4 மீட்டர். பல இடங்களில் இரண்டு மீட்டர்தான் இருக்கும். பைக் ஏற்ற அது போதும். வீல்சேரில் தானாக உருட்டி வருபவர் பாதியிலேயே பின்னால் சரிவார். வாசலுக்கு முன் இருக்கிற இடத்துக்குள் அடக்கிக் கட்டுவதால் வரும் கோளாறு இது. இடம் பத்தாவிட்டால் சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டலாம். திருப்பத்தில் 1500 மி.மீ. சமதளம் விட வேண்டும். இதைப் படமாக வரைந்து மனுவோடு வைத்தால், “இடமில்லை” என்ற பதிலுக்கு வழியிருக்காது.

கதவு அகலத்தை நிலைக்கு நிலை அளக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்து, ஆள் நுழையும் இடைவெளியை அளக்க வேண்டும். 900 மி.மீ. தேவை. கழிப்பறை பூட்டிக் கிடந்தாலோ பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்தாலோ தேதியோடு போட்டோ எடுக்க வேண்டும். வீல்சேரில் வருபவர், பார்வையற்றவர், காது கேளாதவர் எல்லோரும் சேர்ந்து போவது அவசியம். டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுவது ஒரு தடை என்பதைக் காது கேளாத தோழர்தான் சொல்வார். சங்கத்தின் பலமே இங்கேதான் இருக்கிறது.

மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மழுப்பலான பதில் வந்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. “சாய்தளம் உள்ளதா?” என்று கேட்டால் “உள்ளது” என்றுதான் வரும். நீளம், உயரம், மதிப்பீட்டு நகல், எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் புத்தகம்) நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

அடுத்தது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் 80ஆவது பிரிவில் புகார் கொடுக்கலாம். சாட்சியை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான். ஆனாலும் துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய 45ஆவது பிரிவு கொடுத்த ஐந்தாண்டு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. “இதெல்லாம் வழிகாட்டுதல், கட்டாயமில்லை” என்பவர்களுக்கு ராஜீவ் ரதூரி வழக்கின் 2024 நவம்பர் தீர்ப்பைக் காட்டுங்கள். தரநிலைகளை வெறும் வழிகாட்டுதலாக நிறுத்திய, இதே சட்டத்தின் கீழ் வந்த விதிகளின் 15(1) விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, கட்டாய விதிகள் வகுக்க உத்தரவிட்டது.

உத்தரவு வந்த பிறகுதான் அதிகம் கோட்டைவிடுகிறோம். கான்கிரீட் போடும் முன்பே ஒருமுறை டேப்போடு போங்கள். சாய்தளம் தரையைத் தொடும் இடத்தில் இரண்டு அங்குல விளிம்பு நின்றாலும் முன்சக்கரம் ஏறாது. மேலே வழவழ டைல்ஸ் ஒட்டினால் மழையில் வழுக்கும். ஒப்பந்ததாரருக்குப் பில் போடும் முன், வீல்சேரில் ஏறி இறங்கிப் பார்த்துச் சங்கம் எழுத்தில் கருத்துக் கொடுக்க அனுமதி வேண்டும் என்று மனுவிலேயே கேட்டு வையுங்கள். பணம் போய்விட்டால் அந்த விளிம்பை இடிக்க இன்னொரு மதிப்பீடு வேண்டும்.